பின்பக்கத்தில் நடந்த கல்யாணம்

டாக்டர் ரம்ஸியின் பல் கிளினிக்கில் காத்திருந்தவர்கள் யாரும் ஒரு பத்திரிகையை முழுதாகப் படித்ததில்லை. பக்கத்தைத் திருப்பினால் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். எலி கடித்த ஓட்டை அல்ல. குடை வடிவில், தொப்பி வடிவில், ஒரு பெண்ணின் முழங்கை வடிவில், அவ்வளவு சுத்தமாக வெட்டிய ஓட்டை. அதன் வழியாக அடுத்த பக்கத்து அமைச்சரின் மூக்கு எட்டிப் பார்க்கும்.

வெட்டியது யார் என்று எனக்குத் தெரியும். கத்தி கொடுத்ததே நான்தான்.

அலெக்ஸாண்ட்ரியாவில், ராம்ல் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் இரண்டாம் மாடி. முன்னால் காத்திருக்கும் கூடம், அதையடுத்து டாக்டரின் அறை, கடைசியில் ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. அந்தப் பொந்தில் உட்கார்ந்து முப்பத்தோரு வருடம் பல் செட் செய்தேன். கூடத்து மேசையில் இன்ஷிராஹ் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சிறியவள். குள்ளம், அகலம், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். தொலைபேசியை எடுத்தால் அவள் குரல் வானொலியில் செய்தி வாசிப்பவளின் குரலாகிவிடும். வைத்த மறுநொடி, "ஃபௌஸி, அந்தக் கடைவாய்க்காரன் மறுபடியும் வரானாம், ஒளிஞ்சுக்கோ" என்று பொந்துப் பக்கம் கத்துவாள்.

அவள் கணவன் கப்பலில் சமையல்காரனாக இருந்தான். ஒரு வசந்தத்தில் கிரேக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கியவன் திரும்பிக் கப்பல் ஏறவில்லை. மாதம் ஒரு போஸ்ட்கார்டு மட்டும் வந்தது. பின்பக்கத்தில் எப்போதும் ஒரே வரி: இங்கே வெயில் நன்றாக இருக்கிறது. முன்பக்கத்தில் கடல். நாலு வருடத்தில் போஸ்ட்கார்டும் நின்றது, விவாகரத்துப் பத்திரமும் வந்தது. அதற்கெல்லாம் அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் பின்னாளில், படம் ஒட்டத் தொடங்கிய பிறகு, அந்த அட்டைகளையெல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டு ஒருநாள் பெருமூச்சு விட்டாள்.

"இன்னும் ஒரு வருஷம் எழுதியிருக்கலாம் அந்த மனுஷன். நீலம் தீந்துபோச்சு."

படம் ஒட்டத் தொடங்கியது எண்பத்தேழாம் வருடக் குளிர்காலத்தில். கடல் பொங்கித் தெருவுக்கு வந்துவிட்ட வாரம். ட்ராம் ஓடவில்லை, நோயாளிகள் வரவில்லை. நபி தானியால் தெருப் பழைய புத்தகக்காரன், மழையில் நனைந்த ஒரு புத்தகக் கட்டை அவள் கையில் திணித்திருந்தான். அதில் ஒரு தடித்த நாவல். அட்டை இல்லை, எழுதியவன் பெயர் இல்லை, கடைசி அத்தியாயமும் இல்லை.

அந்த நாவலில் ஒரு ஊர். மதியம் தூங்கப்போகும் எல்லாரும் ஒரே கனவுக்குள் போய் இறங்குகிறார்கள். அங்கே மீன்கள் அரசாங்க அலுவலகத்தில் வரிசையில் நிற்கின்றன, மழை பெய்ய அனுமதி கேட்டு. ஒருவன் தன் வீட்டு ஜன்னலைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிகிறான். உட்கார்ந்த இடத்தில் அதை நிறுத்தி வெளியே பார்க்கிறான். கலங்கரை விளக்கத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை யாரென்று யாருக்கும் தெரியாது. அவள் வற்புறுத்தியதால் நானும் பதினோரு பக்கம் படித்தேன். அன்று ஒருவருடைய மேல் செட்டில் கடைவாய்ப் பல்லை முன்னால் வைத்துவிட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவளையோ அது விடவில்லை. வரிசையில் நிற்கும் மீன்களை வரையப் பார்த்தாள். வரைந்தது செருப்பு மாதிரி இருந்தது. மறுநாள் காலை என் பொந்துக்கு வந்தாள்.

"ஃபௌஸி, மெழுகு செதுக்குற கத்தி ஒண்ணு குடு."

"எதுக்கு?"

"ஒரு மந்திரிக்கு ஆபரேஷன்."

சமையல் பக்கத்திலிருந்து மீனை வெட்டினாள். அரசியல் பக்கத்திலிருந்து கோட்டும் கழுத்துப்பட்டையும் வெட்டினாள். மீனுக்குக் கோட்டைப் போட்டாள். எனக்குப் பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மாவு வரும் அட்டைப்பெட்டியின் மூடியில் ஒட்டி, என் மேசையில் சாய்த்து வைத்தாள். ஏழு மீன்கள், கையில் மனுக்களோடு, பொறுமையிழந்த முகத்தோடு நின்றன. மூன்றாவது மீன் தன் முன்னால் நிற்பவனை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வரி அலுவலகத்தில் நின்ற நாளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றிலிருந்து கிளினிக்குக்கு வந்த பத்திரிகைகளுக்கு நிம்மதி போயிற்று. முதலில் மைதா கரைத்து ஒட்டினாள். கரப்பான் பூச்சிகள் வந்து இரண்டு அதிகாரிகளைத் தின்றுவிட்டன. பிறகு போட்டோ ஸ்டுடியோக்காரனிடம் பசை வாங்கினாள். படங்களை என் பொந்தில், பிளாஸ்டர் மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கி வைத்தோம். இரண்டு வருடத்தில் இருபத்தெட்டுப் படம் சேர்ந்தது. டாக்டர் ரம்ஸிக்கு எதுவும் தெரியாது. அவர் வாயைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்க்கிறவர் இல்லை.

இப்படியிருக்கும்போதுதான் வஜ்தி பே வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி; பே என்பது பழைய காலத்து மரியாதைப் பட்டம். நெட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டு, வாயில் நாலே நாலு பல். அதையும் எடுத்துவிட்டு முழு செட் கட்ட வேண்டும். செவ்வாய்தோறும் பத்து மணி என்றால் ஒன்பதேகாலுக்கே வந்து, செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"என்ன சீக்கிரமா வந்துடறாரு?" என்றேன் ஒருநாள்.

"பேப்பரா படிக்கறாருன்னு நினைக்கிறே?" என்றாள் இன்ஷிராஹ். "உள்ள பெண்கள் பத்திரிகைய வெச்சிருக்காரு. ஃபிர்தௌஸ் கதை படிக்கிறாரு."

அது அந்தப் பத்திரிகையில் ஐந்து மாதமாக வந்துகொண்டிருந்த தொடர்கதை. தன்தா ஊர் விதவை ஃபிர்தௌஸ், அவள் வீட்டு மாடிக்குக் குடிவந்த இன்ஜினியர், குறுக்கே நிற்கும் அவன் அம்மா. நாற்பது வருடம் மனிதர்களைச் சிறைக்கு அனுப்பிய நீதிபதி, அந்த விதவைக்காகச் செய்தித்தாளுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

கடைசி இதழ் வந்த செவ்வாய். நான் ஏதோ வேலையாகக் கூடத்தில் நின்றிருந்தேன். செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. உள்ளே கதையின் கடைசிப் பக்கம்: கல்யாண நாள், மணவறை, எல்லாரும் காத்திருக்கிறார்கள், இன்ஜினியரின் அம்மா எழுந்து நிற்கிறாள், அதோடு ஓட்டை. அந்தப் பக்கத்தின் மறுபுறம் ஒரு காப்பி விளம்பரம் இருந்தது. அதில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ஆசாமி. அவன் போன வடிவத்தில் கதையின் கடைசி இரண்டு பத்தியும் போய்விட்டன.

வஜ்தி பே எழுந்து நின்றார்.

"இங்க ஒரு குற்றம் நடந்திருக்கு."

"அப்படியா?" என்றாள் இன்ஷிராஹ், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "அட பாவமே. யாரோ நோயாளிங்க வேலைதான். அந்த மருந்துக்கடைக்காரர் வீட்டம்மா இருக்காங்களே, இஜ்லால் மேடம், அவங்க போன வாரம் கைப்பையை ரொம்ப இறுக்கமா பிடிச்சிட்டுப் போனாங்க."

நீதிபதி விசாரணையைத் தொடங்கினார். குரலை உயர்த்தவில்லை, யாரையும் மிரட்டவில்லை. ஒவ்வொருவரிடமும் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு எல்லாம் தெரியும். நீங்க வாயால சொன்னா நல்லாருக்கும்" என்பார். அவ்வளவுதான். இஜ்லால் மேடம் கத்தரிக்காய் தொல்மா செய்முறையைக் கிழித்ததை ஒப்புக்கொண்டு அழுதே விட்டார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கால்பந்து அட்டவணையைத் திருப்பித் தந்தார். டாக்டர் ரம்ஸி, சிகிச்சைக்கு நடுவில், குறுக்கெழுத்துப் பக்கங்களை வாராவாரம் தானே எடுத்துப் போவதாகச் சொல்லிவிட்டார். என் முறை வந்தது. ஒரு சினிமா நடிகையின் சிரிப்பைக் கிழித்து என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன் என்றேன். பல்லின் நிறம் பார்க்க என்று சேர்த்துக்கொண்டேன். அவர் நம்பவில்லை.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், அவள் ஒருத்தியைத் தவிர. அவள் குற்றவாளிகளுக்கெல்லாம் சோம்பு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உலகம் கெட்டுப்போச்சு, வஜ்தி பே," என்றாள்.

மாட்டிக்கொண்டது மூன்றாவது செவ்வாயில். அன்று நீதிபதியின் வாய்க்கு அளவெடுத்தோம். அளவெடுக்கும் பசையைத் தட்டில் குழைத்து வாய் நிறையத் திணித்துவிட்டால், அது இறுகும் வரை அசையக் கூடாது, பேச முடியாது. டாக்டர் தட்டை அழுத்திப் பிடித்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். எதிரே கருவி அலமாரியின் கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தக் கண்ணாடியில் கூடத்து மேசை முழுதாகத் தெரிந்தது. மேசையில் இன்ஷிராஹ், நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, ஒரு குளிர்சாதனப் பெட்டி விளம்பரத்திலிருந்து படிக்கட்டு ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ம்ம்ம்," என்றார் நீதிபதி.

"ஆச்சு ஆச்சு, கொஞ்சம் பொறுத்துக்கங்க," என்றார் டாக்டர்.

"ம்ம்ம்ம்." கையைத் தூக்கிக் கண்ணாடியைக் காட்டினார்.

"வலிக்காதே, ஏன் இப்படிப் பண்றீங்க? ஃபௌஸி, தலையப் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். நான் நினைத்திருந்தால் கொஞ்சம் மெதுவாகப் பிடித்திருக்கலாம். அந்த நேரத்துக்குள் அவள் படிக்கட்டை வெட்டி முடித்து, புத்தகத்துக்குள் வைத்து, மேசையைத் துடைத்து, கையில் பேனாவோடு உட்கார்ந்துவிட்டாள்.

வாய் விடுபட்டதும் அவர் நேராக அவள் முன் போய் நின்றார். தாடையில் பசை ஒட்டியிருந்தது.

"மேடம் இன்ஷிராஹ். நான் பாத்தேன்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு மேசையைவிட்டு எழுந்து, "வாங்க," என்று என் பொந்துக்குக் கூட்டி வந்தாள்.

மூட்டைகளை நகர்த்தி இருபத்தெட்டையும் எடுத்துத் தரையில், மேசையில், பல் அச்சுகளின் மேல் சாய்த்து வைத்தோம். வஜ்தி பே முதலில் கோபமாகத்தான் பார்த்தார். ஜன்னலைக் கக்கத்தில் வைத்திருந்தவனிடம் வந்தபோது குனிந்தார். அந்த ஜன்னலுக்குள் இன்னொரு ஜன்னல், அதற்குள் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கலங்கரை விளக்கத்துக்கு நாலு பெண்கள் ஏணி போட்டு மருதாணி வைத்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அது சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில் மீன்களின் வரிசை முன் நின்றார். மனு வாங்கும் குமாஸ்தாவாகப் புதிதாக ஒருவனை ஒட்டியிருந்தாள். சிவப்புத் தொப்பி.

"இவன்தானே?"

"இவன்தான்."

"இவனுக்குப் பின்னால ஃபிர்தௌஸோட கல்யாணம் இருக்கு."

"இருக்கு."

"உரிச்சு எடுங்க."

"முடியாது. உரிச்சா ரெண்டும் போயிடும். குமாஸ்தா இல்லாம மீனுங்க யார்கிட்ட மனு குடுக்கும்?"

"டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லுங்க. நீங்க என்ன கதை படிச்சீங்கன்னு நானும் சொல்றேன்."

நீதிபதி என் முக்காலியில் உட்கார்ந்தார். வழக்கு வேறு திசையில் போகிறது என்று அவருக்குப் புரிந்தது. படங்களை மறுபடி ஒருமுறை பார்த்தார். இது எந்தப் புத்தகம் என்று கேட்டார். அவள் நாவலைக் காட்டினாள். கடைசி அத்தியாயம் இல்லாததையும், அதனால் இருபத்தெட்டோடு நின்றுபோனதையும் சொன்னாள். அவர் புரட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இத நான் காலேஜ்ல படிக்கும்போது படிச்சிருக்கேன்," என்றார். "முடிவு தெரியும்."

இன்ஷிராஹ் சட்டென்று கண்ணாடியைக் கழற்றினாள்.

"எனக்கும் ஃபிர்தௌஸ் கதை முடிவு தெரியும். படிச்சிட்டுத்தான் வெட்டினேன்."

இருவரும் பேரம் பேசினார்கள். அடுத்த செவ்வாய், யாரும் வருவதற்கு முன்னால், முடிவுக்கு முடிவு.

அந்தச் செவ்வாயில் நான் கூடத்தில் தேவையில்லாமல் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் விற்ற ஃபலாஃபெல் வடையை வாங்கிக்கொண்டு வந்திருந்தார் வஜ்தி பே, பல்லில்லாமலே. அவள் ஆரம்பித்தாள்.

"மணவறையில எல்லாரும் உட்காந்திருக்காங்க. இன்ஜினியரோட அம்மா எந்திரிச்சு, இந்த வீட்டுச் சோறு குழைஞ்சிருக்குன்னு சொல்றா. ஃபிர்தௌஸ் அவனப் பாக்கறா. அவன் தட்டையே பாத்துட்டு இருக்கான். ஒரு வார்த்தை பேசல."

"கோழை," என்றார் நீதிபதி.

"அவ பாவாடைய ஒரு கையால தூக்கிப் பிடிச்சுட்டு, இறங்கி வெளிய நடந்துட்டா. அப்புறம் ஸ்டேஷன் தெருவுல கோழிக்கடை போட்டா."

"கோழிக்கடையா?" கையிலிருந்த ஃபலாஃபெலைக் கீழே வைத்தார். "கடை நல்லா ஓடுச்சா?"

"பின்னே. இன்ஜினியரோட அம்மாவே அங்கதான் வாங்கறா. இவ எலும்பாப் பாத்துப் போடறா."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் பங்கைச் சொன்னார்.

"மீனுங்களுக்கு அனுமதி கிடைச்சிடுது. ஒரே ஒரு முத்திரை குத்தணும். ஆனா குமாஸ்தா தூங்கிட்டான். அவன எழுப்பினா கனவு கலைஞ்சு ஊரே இல்லாம போயிடும். எழுப்பலேன்னா மழை இல்ல. மீனுங்க கூடி யோசிக்குதுங்க. கடைசியில செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, சத்தமில்லாம வெளிய போயிடுதுங்க."

"மீனுக்குச் செருப்பா?"

"நாவல்ல அப்படித்தான் இருக்கு."

"சரி, கலங்கரை விளக்கம் யாரைக் கட்டிக்கிச்சு?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. டீக் கோப்பையைத் தூக்கி, மெதுவாகக் குடித்து, மெதுவாகக் கீழே வைத்தார்.

"கடலுக்குள்ள முழுகிப்போன ஒரு பழைய கோர்ட்டை," என்றார். "ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு. அவ வெளிச்சம் போடறா, இவன் படிக்கறான்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கடைசிப் படத்துக்கு ஐந்து வாரம் ஆயிற்று. பிளாஸ்டர் பெட்டியின் மூடி போதவில்லை. எக்ஸ்ரே கருவி வந்த பெரிய அட்டையை எடுத்துக்கொண்டாள். செருப்பைக் கையில் பிடித்தபடி நுனிவாலில் நடக்கும் மீன்கள் நாற்பத்திரண்டு. மூழ்கிய கோர்ட்டின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் விளக்கின் வெளிச்சம். கலங்கரை விளக்கத்துக்கு ஒரு சிரிப்பு வேண்டும் என்று பல்லின் நிறம் ஒப்பிட டாக்டர் வைத்திருந்த மாதிரிப் பல் அட்டையைச் சுட்டு, எட்டுப் பல்லைக் கழற்றிக்கொண்டாள். டாக்டர் அந்த அட்டையை இரண்டு வாரம் தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

படம் முடிந்த வாரத்தில் பழைய புத்தகக்காரன் ஆள் அனுப்பினான். அதே நாவல், அட்டையோடு, முழுதாக, அவனிடம் வந்திருந்தது. இன்ஷிராஹ் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் வாங்கி வந்தாள். என் பொந்தில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். ஆறே பக்கம். படித்து முடித்துப் புத்தகத்தை நான் கரைத்து வைத்திருந்த பிளாஸ்டர் தொட்டிக்குள் போட்டாள்.

"என்னாச்சு?"

"எல்லாம் காய்ச்சலாம். ஒருத்தன் ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்கறான். நர்ஸ் கஞ்சி குடுக்கறா. அவ்வளவுதான்."

"மீனு?"

"இல்ல."

"கலங்கரை விளக்கம்?"

"ஆஸ்பத்திரி ஜன்னல்ல தெரியுதாம். இதுக்கா நான் ரெண்டு வருஷம் வெட்டினேன்? எழுதினவன் என் கையில கிடைச்சான்னா, டாக்டர் நாற்காலியில உட்கார வெச்சு, மரப்பு ஊசி இல்லாம."

நீதிபதி பொய் சொன்னதைப் பற்றி அவள் பேசவே இல்லை. நான்தான் ஞாபகப்படுத்தினேன். அவள் யோசித்தாள்.

"அந்த ஆளு இந்த நாவலப் பாத்ததே இல்லையா?"

"பாத்திருந்தா கஞ்சிதானே சொல்லியிருப்பாரு."

செவ்வாய் வந்தது. செட் மாட்டும் நாள். மேலும் கீழும் மாட்டி, கடித்துப் பார்க்கச் சொல்லி, ஓரங்களைத் தேய்த்து, அனுப்பினோம். வஜ்தி பே புதுப் பல்லோடு கூடத்துக்கு வந்தார். பத்து வயது குறைந்திருந்தது. கையில் சுருட்டிய ஒரு பத்திரிகை. தமன்ஹூரில் இருக்கும் அவர் அண்ணன் மகளிடம் அந்தக் கடைசி இதழ் ஓட்டையில்லாமல் இருந்திருக்கிறது.

"மேடம்," என்றார். பல் லேசாக டக்கென்றது. "ஃபிர்தௌஸ் கோழிக்கடை போடல. இன்ஜினியரைக் கட்டிக்கிட்டுக் குவைத் போயிட்டா. அந்த அம்மாவும் கூடப் போயிட்டா."

"நீங்க நாவல் படிக்கல."

"நீங்க தொடர்கதை படிக்கல."

"ஒரு வரி கூட படிக்கல," என்றாள் அவள். "தொப்பி நல்லாருந்துச்சு, வெட்டினேன்."

கூடத்தில் அன்று நாலு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வலியை மறந்து இவர்களையே பார்த்தார்கள்.

"பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை தெரியுமா?" என்றார் வஜ்தி பே.

"யாருக்கு? உங்களுக்கா, எனக்கா?"

அவர் பத்திரிகையை மேசைமேல் வைத்தார். "குவைத் முடிவு சரியில்ல. அம்மாக்காரியக் கூட்டிட்டுப் போனா அது என்ன கல்யாணம்? கோழிக்கடைதான் நியாயம். இந்த இதழ எடுத்துக்கங்க, எது வேணுமோ வெட்டிக்கங்க. அந்தக் கடைசிப் படத்த எனக்குக் காட்டுங்க."

காட்டினோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தான் சொன்ன பொய்யைக் கண்ணால் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல்முறை. "இந்தக் கோர்ட்டுக்குப் படி எத்தன?" என்று மட்டும் கேட்டார். பதினொன்று என்றாள். தான் வேலை பார்த்த கோர்ட்டுக்கும் பதினொன்று என்றார். அதுவும் பொய்யோ என்னவோ.

கண்காட்சி அவர் ஏற்பாடு. கடற்கரையோரக் கலாசார மாளிகையில் அவருடைய கோர்ட்டில் முன்பு தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் பொறுப்பில் இருந்தார். பத்து நாள், ஒரு நீண்ட அறை, இருபத்தொன்பது படம். இன்ஷிராஹ் பச்சைப் பட்டு முக்காடு போட்டு, யாரும் வரமாட்டார்கள் என்று தர்பூசணி விதை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள். ஆனால் எங்கள் நோயாளிகள் அத்தனை பேரும் வந்தார்கள். அவரவர் படிக்காமல் விட்ட பாதியைத் தேடி வந்தார்கள். மூக்கு படத்தில் படுமளவு குனிந்து, ஓட்டையின் வடிவத்தை அடையாளம் கண்டு, "இதுக்குப் பின்னாலதான் அந்த ஊறுகாய்க் குறிப்போட தொடர்ச்சி", "இதுக்குப் பின்னால என் ராசிபலன்" என்று சத்தம் போட்டார்கள். இஜ்லால் மேடம் தன்மேல் பழி போட்டது யாரென்று அங்கேதான் கண்டுபிடித்தார். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் தன் மாமியாரின் நாலு போட்டோவைக் கொண்டுவந்து, "எந்த மீனுக்காவது தலையா வெச்சுக்கோ" என்றார்.

டாக்டர் ரம்ஸி கடைசி நாள் வந்தார். கடைசிப் படத்தின் முன் பத்து நிமிடம் நின்றார். நானும் இன்ஷிராஹும் சுவரோரம் நகர்ந்துகொண்டோம்.

"மேல் வரிசையில வெட்டுப்பல் ரெண்டும் இடம் மாறியிருக்கு," என்றார். "அப்புறம் இது என் அட்டை."

"ஆமா டாக்டர்," என்றாள்.

"திங்கக்கிழமை வந்து இடம் மாத்தி ஒட்டிடு. பாக்கறவங்க என்னைத்தான் சொல்வாங்க."

பக்கத்தில் வஜ்தி பே, கல்லூரி மாணவர்கள் சிலரைச் சுற்றி நிறுத்தி, நாவலின் முடிவை விளக்கிக்கொண்டிருந்தார். குமாஸ்தாவின் தூக்கத்துக்கு என்ன பொருள், மீன் ஏன் செருப்பைக் கையில் எடுக்கிறது, ஆசிரியர் அங்கே என்ன நினைத்திருப்பார் என்றெல்லாம். ஒரு மாணவி குறிப்பெடுத்துக்கொண்டு, புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

நீதிபதி எங்கள் பக்கம் திரும்பினார். இன்ஷிராஹ் விதையின் தோலைத் துப்பிவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

"கிடைக்காதும்மா. ஒரே ஒரு பிரதிதான் இருந்துச்சு. பிளாஸ்டர்ல இறுகிப்போச்சு."